அந்துவான் சார் பெயரில் அறுபத்தொரு குழுக்கள்

1

என் மேலதிகாரி மத்தில்ட் திங்கட்கிழமை காலையில் சிரித்துக்கொண்டு வந்தால் நான் உஷாராகிவிடுவேன். பதினான்கு வருட அனுபவம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எனக்கு ஏதாவது ஒரு வேலை காத்திருக்கும். போன மாதம் ஒரு திங்கட்கிழமையும் அப்படித்தான் வந்தார். கையில் நான் தயாரித்துக் கொடுத்த மதிப்பெண் பட்டியல்.

அது என்ன பட்டியல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கு வரும்போதெல்லாம் "பாரிஸ்ல இன்னாம்மா வேலை?" என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இன்று ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் நிறுவனம் பிரான்ஸ் முழுக்க லிஃப்ட் பழுது பார்க்கிறது. ஊருக்கு ஊர் இருக்கும் ஊழியர்கள் ஒருவரோடொருவர் பேசவும் கோப்புகளைப் பகிரவும் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு குழு தொடங்கலாம். தொடங்குவார்கள். எவருக்கோ பிரிவு உபசாரம் நடத்த ஒரு குழு. அவர் ஓய்வு பெற்று மூன்று வருடமான பிறகும் அது அப்படியே கிடக்கும். மழைக்கு முளைத்த காளான்போல ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. உள்ளே யார் இருக்கிறார், எவர் எதைப் படிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அதை ஒழுங்குபடுத்துவதுதான் என் வேலை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருக்கு ஒரு கேள்வி போகும்: "இந்தக் குழு இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா?" அவர் "ஆம்" என்பதை அழுத்த வேண்டும். முப்பது நாளில் அழுத்தாவிட்டால் குழுவும் அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். யார் எவ்வளவு ஒழுங்கு என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நான் மதிப்பெண் போடுகிறேன். ஆமாம், வாத்தியாரம்மா வேலைதான்.

"புதுச்சேரி! நூற்றுக்கு நூறு!" என்றார் மத்தில்ட். "ஒரே பொறுப்பாளர், அறுபத்தொரு குழுக்கள். ஒரு கேள்விகூட மறுநாளுக்குப் போகவில்லை. இவரை வெள்ளிக்கிழமைக் காணொளிக் கூட்டத்துக்கு அழையுங்கள். எப்படிச் செய்கிறார் என்று பத்து நிமிடம் பேசட்டும். மற்ற அலுவலகங்கள் கற்றுக்கொள்ளட்டும்."

பட்டியலைப் பார்த்தேன். அந்துவான். புதுச்சேரி அலுவலகத்தின் மூத்த ஆள். குரலைக்கூடக் கேட்டதில்லை, பெயர் மட்டும் தெரியும். எனக்குத் தலைகால் புரியவில்லை. லியோன்காரனும் லில்காரனும் நாற்பது வாங்கும்போது நம் ஊர்க்காரர் நூறு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

2

புதுச்சேரியில் எங்களுக்கு ஒரு சிறு அலுவலகம் உண்டு. பிரெஞ்சு தெரிந்த முப்பத்தெட்டு பேர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோனது, எந்த மெக்கானிக் போக வேண்டும் என்று அங்கிருந்து பார்த்து அனுப்புகிறார்கள். பிரான்சில் ஐந்தாவது மாடியில் ஒரு கிழவி மாட்டிக்கொண்டால், அவரை இறக்கிவிடும் ஏற்பாட்டை உப்பளம் பகுதியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு பெண் செய்துகொண்டிருப்பாள். அவர்களில் ஒருத்தி வசந்தி. புதுச்சேரியின் சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பன்னிரண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. என்னைவிட நல்ல பிரெஞ்சு அவளுக்கு. நான் பிரெஞ்சு நாட்டுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். அவள் ஊரிலேயே வேலைக்குப் போனாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே பாரிஸில் என்னை யாரும் மல்லிகா என்று கூப்பிடுவதில்லை. வந்த புதிதில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லை. கடைசியில் கவுன்ட்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் மதாம் கோவிந்தசாமி. சாரத்திலிருந்து மில்லுக்கு சைக்கிளில் போய்வந்தவர், பிரான்சில் காலே வைக்காதவர், காலமாகி ஏழு வருடமான என் அப்பா. அவர் பெயரில்தான் எனக்கு மின்னஞ்சல் வருகிறது, என் பதில்களும் போகின்றன. முதலில் கூசியது. பிறகு பழகிவிட்டது.

வசந்திக்கு எழுதினேன்: "அந்துவான் சாரை வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அழைத்து வா. நம் ஊருக்கே பெருமை."

செய்தியைப் படித்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அனுப்பிய அடுத்த நிமிடமே நான்கு சிரிப்புப் படம் அனுப்புகிறவள்.

3

மதியம் அவளே போன் செய்தாள். அங்கே மாலையாகியிருந்தது, பின்னால் ரோட்டில் ஹாரன் சத்தம். அலுவலகத்துக்கு வெளியே வந்து நின்று பேசுகிறாள் என்று புரிந்தது.

"மல்லி, அவரால வர முடியாதுடி."

"ஏன், லீவா?"

"அவரு இறந்து ஒம்பது மாசமாச்சு."

பட்டியல் என் எதிரில்தான் திறந்திருந்தது. அந்துவானின் கடைசி "ஆம்", போன வியாழக்கிழமை.

"அப்ப யாருடி அழுத்துறது?"

"நான்தான்."

பிறகு அவளாகவே சொன்னாள். குழு தொடங்கும்போது பொறுப்பாளர் பெயரைக் கேட்கும் அல்லவா? புதுச்சேரியில் யார் குழு தொடங்கினாலும் அந்துவான் சார் பெயரைத்தான் போட்டார்கள். யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. பெரியவர் இருக்கும்போது தன் பெயரைப் போட்டுக்கொள்வதா? கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை மேலே போடாமல் விடுவோமா? அப்படித்தான். அறுபத்தொன்றும் அவர் தலையில் சேர்ந்தது. அவர் லீவில் போகும்போது கடவுச்சொல்லை வசந்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பு. எங்கள் நிறுவனம் அங்குள்ள ஒரு கம்பெனியின் மூலம்தான் ஆள் வைத்திருக்கிறது. சம்பளப் பட்டியலில் அவர் பெயரை அவர்கள் எடுத்துவிட்டார்கள். மென்பொருளில் இருக்கும் கணக்கை எடுக்கச் சொல்லி எங்களுக்கு அவர்கள் தெரிவிக்கவில்லை.

"கடவுச்சொல் மட்டும் போதாதே. உள்ளே போக போனுக்கு நம்பர் வருமே," என்றேன்.

"வரும். அவரு போனுக்குத்தான் வரும். ஜெயமேரி அக்காகிட்ட இருக்குது அந்த போனு."

ஜெயமேரி, அவர் மனைவி.

"வாரத்துக்கு ரெண்டு, மூணு குழுவுக்குக் கேள்வி வந்துடும்டி. மத்தியான சாப்பாட்டு நேரத்துல போன் பண்ணுவேன். அக்கா நம்பரப் படிப்பாங்க. நான் அழுத்திடுவேன். அதுக்காகவே அந்த போனுக்கு ரீசார்ஜ் போட்டு சார்ஜ் ஏத்தி வச்சிருக்காங்க. நான் வாணாம்னுதான் சொன்னேன். ‘அவரு வேலைம்மா, நின்னுடக் கூடாது’ங்கறாங்க."

இன்னொருவர் கணக்கில் நுழைவது எங்கள் நிறுவனத்தில் மன்னிக்கும் குற்றம் இல்லை. அதுவும் இறந்தவர் கணக்கில், ஒன்பது மாதம். வசந்திக்கு அன்றே வேலை போகும். பாதுகாப்புப் பிரிவு நினைத்தால் அலுவலகம் முழுவதையும் துண்டித்துவிடும், முப்பத்தெட்டு பேரும் தெருவில்.

"இன்னாத்துக்குடி இந்தக் காரியம் பண்ண?" என்று கத்திவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல மாத்திக் குடுத்திருப்பேனே!"

அவள் ரோட்டை விட்டு நகர்ந்திருக்க வேண்டும், ஹாரன் சத்தம் குறைந்தது.

"கேட்டனே," என்றாள். "உங்கிட்டதான் கேட்டேன்."

4

உதவி கேட்டு வரும் கோரிக்கைகளை நாங்கள் அழிப்பதில்லை. தேடினேன். இருந்தது, அந்துவான் சார் இறந்து ஆறாவது நாள் வசந்தி எழுதியது. அழகான பிரெஞ்சு. "எங்கள் குழுத் தலைவர் திரு. அந்துவான் காலமாகிவிட்டார். அவர் பொறுப்பில் உள்ள அறுபத்தொரு குழுக்களையும் வேறு ஒருவர் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இவற்றில் லிஃப்ட் பழுதுகளின் முழு வரலாறும் உள்ளது."

கீழே பதில்: "பொறுப்பாளர் மாற்றத்தைப் பொறுப்பாளர் மட்டுமே கோர முடியும். தயவுசெய்து அவரை விண்ணப்பிக்கச் சொல்லவும்."

அதற்கும் கீழே: "மூடியவர்: கோவிந்தசாமி. வந்ததிலிருந்து மூடும்வரை: நான்கு நிமிடம்."

அது தயார்ப் பதில். ஒரு பொத்தானில் போய்விடும். தலைப்பில் "பொறுப்பாளர் மாற்றம்" என்று பார்த்திருப்பேன், அழுத்தியிருப்பேன். உள்ளே ஒரு மனிதர் செத்திருக்கிறார் என்று படிக்கவில்லை. செத்தவரை விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னும் கேளுங்கள். அந்த மூன்று மாதத்தில் கோரிக்கைகளை அதிவேகமாக மூடியவள் நான். மத்தில்ட் எனக்கு ஒரு பெட்டி மக்கரோன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வீட்டில் மகளும் நானும் சண்டை போட்டுத் தின்றோம்.

"எனக்கு ஏண்டி நேரா போன் பண்ணல?" என்று அந்தத் திங்கட்கிழமை போனிலேயே வசந்தியிடம் கேட்டிருந்தேன்.

"உன் பேருல பதில் வந்துச்சு. நீ பெரிய எடத்துல இருக்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்னு சொல்ற போலன்னு நெனச்சேன். அதுக்கு மேல கெஞ்ச எனக்குப் பிடிக்கல," என்றாள்.

5

செவ்வாயும் புதனும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தி ஒரு வழி சொன்னாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. மூணு மாசம் கழிச்சு ரிட்டயர்ட்னு சொல்லிடலாம். அதுக்குள்ள நீ ஒவ்வொண்ணா எங்க பேருக்கு மாத்திடு. யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். மாற்றும் அதிகாரம் என் கையில். சரிபார்ப்பவளும் நானே. அந்த நாலு நிமிடக் கோரிக்கையையும் எவரும் தோண்டப் போவதில்லை. எனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. திருடனும் நானே, காவல்காரியும் நானே என்றால் ஊரில் திருட்டே இருக்காது.

புதன்கிழமை இரண்டு முறை உட்கார்ந்தேன். முதல் குழுவின் பெயரைத் திறந்து, பொறுப்பாளர் கட்டத்தில் வசந்தியின் பெயரை அடித்துவிட்டேன். சேமிக்கும் பொத்தானை அழுத்தவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன்.

அப்போது மாமனார் ஞாபகம் வந்தது. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். வருடா வருடம் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கும் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அந்தத் தாள் வந்தால் வீடு இரண்டுபடும். ஷூவுக்குப் பாலிஷ், கால்சட்டைக்கு இஸ்திரி. "உசுரோட இருக்கேன்னு நானே கையெழுத்துப் போட்டா செல்லாதாம். எதிர்ல ஒருத்தன் பாத்துட்டு சொல்லணுமாம். கண்ணாடியப் பாத்து நானே சொல்லிக்கிறேன், போதாதா?" என்று கத்திக்கொண்டே கிளம்புவார். நாங்கள் சிரிப்போம்.

நான் உட்கார்ந்து கட்டிய ஏற்பாட்டில் அந்த எதிரில் ஒருவன் இல்லை. பொத்தான் அழுத்தப்பட்டதா என்று மட்டும் எண்ணினேன். அழுத்தியது யார், உயிரோடு இருப்பவரா என்று ஒரு முறையும் கேட்கவில்லை. செத்தவருக்கு நூறு போட்டிருக்கிறேன். உயிரோடு இருந்து, ஒழுங்காக எழுதிக் கேட்டவளுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன். இப்போது திருட்டுத்தனமாக மாற்றினால் வசந்தி பிழைப்பாள். ஆனால் இன்னொரு ஊரில் இன்னொரு வசந்திக்கு இதே பதில் இதே நான்கு நிமிடத்தில் போகும்.

இவ்வளவு நியாயம் தெரிந்தும் பயம் போகவில்லை. இந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்? வசந்தியின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

6

வியாழக்கிழமை மாலை நடந்ததைச் சொல்லிவிடுவது என்று எழுதிய வெள்ளிக்கிழமைப் பேச்சை மகள் நிலாவிடம் படித்துக் காட்டினேன். பதினாறு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் ஜாதி. என் உச்சரிப்பைத் திருத்துவதில் அவளுக்கு ஒரு ருசி. காதில் ஒரு பக்கம் பாட்டு மாட்டிக்கொண்டுதான் கேட்டாள்.

முதல் பக்கத்தில் புதுச்சேரியின் தவறு, இரண்டாவதில் விதிமீறலின் விவரம், கடைசியில் ஒரு வரி: ஒரு கோரிக்கை வந்திருந்தது, தவறுதலாக மூடப்பட்டது. திரையில் அந்தக் கோரிக்கையின் படம். கண்ணில் படாத அளவில் சிறியதாகத்தான் வைத்திருந்தேன்.

அவள் எழுந்து வந்து அதைப் பெரிதாக்கினாள். காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"கோவிந்தசாமி," என்று படித்தாள். பிறகு தமிழில் கேட்டாள். "தாத்தாவா மூடினாரு?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஒன்பது மாதம் இறந்தவர் பெயரில் வேலை செய்ததற்காக வசந்தியைக் கூண்டில் ஏற்றப் போகிறேன். பதினான்கு வருடமாக நான் யார் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்? அப்பா ஒரு தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ரேஷன் கடை ரசீதைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் மடிப்பார்.

"இல்லடி. நான்தான்," என்றேன்.

"அப்ப அத மொதல்ல சொல்லு," என்றாள். பக்கங்களை அவளே இழுத்து, கடைசியை முதலாவதாக வைத்தாள். அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல இவ்வளவு தமிழ் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

வசந்திக்குப் போன் செய்து சொன்னேன். திட்டினாள். கடைசியில், "என் பேர மறைக்காத. நான்தான் பண்ணேன். ஆனா அக்காவ இழுக்காத," என்றாள்.

7

கூட்டத்தில் பதினொரு பேர். "எங்கே நம் சாதனையாளர்?" என்று மத்தில்ட் திரையில் தேடினார்.

"அவர் ஒன்பது மாதத்துக்கு முன் இறந்துவிட்டார்," என்றேன். "அதை முதலில் எங்களுக்குத் தெரிவித்த கடிதம் இது. அதை மூடியது நான்."

எல்லாரும் படித்து முடிக்கும்வரை நின்றேன். அந்தக் கோரிக்கை மொத்தமே மூன்று வரி, படிக்க அரை நிமிடம். அந்த அரை நிமிடம் என்னிடம் அன்று இல்லாமல் போனது.

பிறகு மீதியைச் சொன்னேன். பாதுகாப்புப் பிரிவின் ஆள் முகம் சிவந்துவிட்டார். "புதுச்சேரியை இப்போதே துண்டியுங்கள். செய்வது குற்றம் என்று அவர்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனால்தான் முதலில் எழுதிக் கேட்டார்கள். துண்டித்தால் இந்த நிமிடம் லிஃப்டில் நிற்பவர்களை யார் இறக்குவது? குழுக்கள் அழிய விட்டிருந்தால் எந்தக் கயிறு எப்போது மாற்றியது என்று எவருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் காப்பாற்றினார்கள். தப்பான வழியில். சரியான வழியை நான் அடைத்திருந்தேன்."

என் பிரெஞ்சு நாலு இடத்தில் தடுக்கியது. யாரும் திருத்தவில்லை.

ஒன்றரை மணி நேரம் நடந்தது. அலுவலகம் தப்பியது. குழுக்களுக்கு இனி இரண்டு பொறுப்பாளர்கள். ஒருவர் அழுத்துவதை இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் பொறுப்பாளர்களை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். வேகமாக மூடியதற்கு இனி மதிப்பெண் கிடையாது. கேட்டவரின் சிக்கல் தீர்ந்ததா என்பதற்குத்தான். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. வசந்திக்கு ஒரு மாதம் சம்பளமில்லாத இடைநீக்கம்.

அதை நானே அவளிடம் சொன்னேன்.

"வேல போகலியே, போதும். ஆனா பாத்துக்க மல்லி. கதவ மூடினவளுக்கு ஒரு லெட்டர். ஜன்னல் வழியா வந்தவளுக்கு ஒரு மாசம்."

எச்சரிக்கைக் கடிதம் மறுவாரம் மதாம் கோவிந்தசாமி என்ற பெயருக்கு வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படித்தேன்.

8

அறுபத்தொன்றையும் மாற்றி, அந்துவான் சார் கணக்கை மூட ஒரு திங்கட்கிழமை குறித்தோம். அன்று மதியத்துக்குள் ஜெயமேரி அக்காவிடம் யாராவது சொல்ல வேண்டும். "நீயே சொல்லு. என்னால முடியாது," என்றாள் வசந்தி. அந்தப் போனின் எண்ணையே அனுப்பினாள்.

அங்கே சாப்பாட்டு நேரமாகப் பார்த்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இரும்மா வசந்தி, இன்னும் நம்பர் வரல. வந்ததும் படிக்கிறேன்."

"அக்கா, நான் வசந்தி இல்ல. பாரிஸ்லேருந்து மல்லிகா பேசறேன். சாரோட ஆபீஸு."

"அடடே, சொல்லும்மா. நம்பர் எதனா தப்பா படிச்சுட்டனா? போன வாரம் கண்ணாடி போடாம படிச்சேன்."

"தப்பே இல்லக்கா. எல்லாம் சரியா படிச்சீங்க." அந்தக் கடிதத்தை நான் படிக்காமல் மூடியதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். சாருடைய குழுக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வசந்தியும் மற்றவர்களும் பார்த்துக்கொள்வார்கள், ஒன்றும் அழியாது என்றேன். "இனிமே நம்பர் வராதுக்கா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வரேன், வரேன், ஆபீஸ் போனு," என்றார் அந்தப் பக்கம் திரும்பி. பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இந்த போன ஆஃப் பண்ணிடட்டுமாம்மா?"

பதினான்கு வருடமாக அனுமதி கொடுப்பதும் மறுப்பதும்தான் என் வேலை. அந்த ஒன்றுக்கு என்னிடம் தயார்ப் பதில் இல்லை. அவரே சொன்னார்.

"காலையிலதான் ஃபுல்லா சார்ஜ் போட்டேன். அது தீர்ற வரைக்கும் இருக்கட்டும்."

சரிக்கா என்றேன்.